விற்கவும் கூடாது, சும்மாவும் கூடாது

எங்கள் கடையில் மீன்தான் பிரதானம். கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பார்த்தால் எதிர்ச்சாரியில் நீல விளக்கு எரியும், அதுதான் கடை. கண்ணாடித் தொட்டி, கோல்டு ஃபிஷ், ஃபைட்டர், தொட்டியில் போடும் கலர் கல், கூண்டில் லவ் பேர்ட்ஸ். நாய்க்குட்டி நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட வியாபாரம். என் வீட்டுக்காரர் ஆரம்பித்து வைத்தது.

"வாசல்ல ஒரு நாய்க்குட்டி கெடந்தா பத்துப் பேரு நிப்பான். அதுல ஒருத்தன் மீன் வாங்குவான்" என்றார். நாயை விற்பதா என்று நான் மூஞ்சியைச் சுளித்தேன். "நாய் வித்த காசு கொரைக்கவா போகுது?" என்று சொல்லிவிட்டு டாடா ஏஸை எடுத்துக்கொண்டு லோடு அடிக்கப் போய்விட்டார். எதையும் ஆரம்பித்து வைப்பது அவர். கட்டிக்கொண்டு மாரடிப்பது நான்.

குட்டிகள் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வரும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணியை மெத்தை மாதிரி போட்டு, கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார்கள். அனுப்புகிற புரோக்கரை நான் பார்த்ததே இல்லை. போனில் "அக்கா, நல்ல குட்டிக்கா" என்று ஒரு குரல், அவ்வளவுதான். பெட்டியைத் திறந்தால் உள்ளே தன் மூத்திரத்திலேயே நனைந்து நடுங்கிக்கொண்டிருக்கும். துடைத்து, பால் வைத்து, கூண்டில் விடுவேன். இரண்டொரு நாளில் விலை போய்விடும். நாய் மேல் எனக்குப் பெரிய பிரியமும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. தக்காளி விற்கிறவளுக்குத் தக்காளி மேல் என்ன பிரியம் இருக்குமோ அவ்வளவுதான்.

அப்படி ஒரு தடவை வந்த பெட்டியில் மூன்று குட்டிகள். இரண்டு கடுவன் உடனே போய்விட்டன. மிச்சம் ஒரு பொட்டை. லேப்ரடார் ஜாதி என்று சொல்லித்தான் புரோக்கர் அனுப்பினான். ஆனால் அதற்கு ஒரு காது விறைத்து நின்றது, இன்னொரு காது மடிந்து தொங்கியது. பார்க்கிறவர்கள் எல்லாம் முதலில் சிரித்தார்கள், அப்புறம் பொட்டை என்று தெரிந்ததும் நகர்ந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கால்நடைத் துறை ஆபீஸர் ஒருவர் கடைக்குள் வந்தார். மீன் வாங்க வந்தவர் என்று நினைத்து நான் ஃபைட்டர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்காமல் நாய்க்கூண்டு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார். குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

"ஏம்மா, இது எங்கிருந்து வருது?"

"திருச்சி பஸ்ல வருது சார்."

"பஸ் குட்டி போடாதும்மா. தாய் எங்க இருக்கு? யாரு வளக்குறாங்க?"

இத்தனை குட்டிகளை விற்றிருக்கிறேன், இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. என்ன விலை, கடிக்குமா, முடி கொட்டுமா, இதைத்தான் கேட்பார்கள். "புரோக்கருக்குத் தெரியும் சார்" என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பொறுமையாக விளக்கினார், அதுதான் வம்பு. கடையைப் பதிவு செய்ய வேண்டும், மீனுக்கும் பறவைக்கும் சேர்த்து. பதிவாகும் வரை நாய்க்குட்டி விற்கக் கூடாது. இரண்டு மாதம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கவே கூடாது. இது அதைவிடச் சின்னது.

"அப்ப இத என்ன சார் பண்றது? திருப்பி அனுப்பிரவா?"

"எங்க அனுப்புவீங்க? அதான் எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலையே. கொஞ்ச நாள் வச்சுப் பாத்துக்கங்க. பல்லு வந்து, ஊசி போட்டதும் வளக்குற ஆளாப் பாத்துச் சும்மா குடுங்க. காசு வாங்கக் கூடாது. ஒத்த ரூபா வாங்கினாலும் வித்ததாத்தான் கணக்கு. பதிவுக்குப் பாக்க நான் மறுபடி வருவேன். அப்ப இந்தக் கூண்டு காலியா இருக்கணும்."

அவர் போன பிறகு நான் வெகுநேரம் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். விற்கக் கூடாது, புரிகிறது. சின்னக் குட்டி, புரிகிறது. ஆனால் இது இனிமேல் என்ன? சரக்கா, விருந்தாளியா? வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. வாடகை வீடு, கீழே ஓனரம்மாவுக்கு நாய் என்றாலே தும்மல் வரும். சரி, கடையிலேயே கிடக்கட்டும் என்று கூண்டுக் கதவைத் திறந்துவிட்டேன். அது வெளியே வந்து நேராக என் மேஜைக்கு அடியில் போய், என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்தது. "இது வேறயா" என்று காலை இழுத்துக்கொண்டேன். அது திரும்பவும் வந்து படுத்தது.

பல் வந்தது. ஊசியும் போட்டாயிற்று. சும்மா கொடுப்பதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன். நம் ஊரில் இலவசம் என்றால் வரிசையில் நிற்பார்களே! போர்டு எழுதி மாட்டினேன். முதலில் வந்தவர் ஒரு வாத்தியார். குட்டியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சும்மாவா? என்ன கோளாறு இதுக்கு?" என்றார். கோளாறு ஒன்றும் இல்லை, சட்டம் என்றேன். சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் குட்டியைக் கீழே வைத்துவிட்டார். இன்னொரு அம்மா, "பொட்டையா... சும்மா குடுக்காம வேற என்ன பண்ணுவீங்க" என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார். விலை சொன்னபோது பேரம் பேசியவர்கள், விலை இல்லை என்றதும் பயந்தார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அப்போதுதான் அவள் வந்தாள். முந்திரித் தோப்புக்காரி. முப்பது வயசுக்குள்தான் இருக்கும். கணவன் துபாயில் கட்டட வேலை. தோப்புக்குள்ளேயே வீடு, பக்கத்தில் வேறு வீடு கிடையாது. கிட்டத்தட்ட தனியாள். காவலுக்கு இருந்த நாய் பாம்பு தீண்டிச் செத்துப்போயிற்று. அதற்கப்புறம் யாரோ சும்மா கொடுத்த ஒரு குட்டியைக் கொண்டுபோயிருக்கிறாள். அது ஒரு வாரம்கூடத் தங்கவில்லை, கயிற்றைக் கடித்துவிட்டு ஓடிவிட்டது.

"பொழுது சாஞ்சா எலை விழுந்தாக்கூட ஆளு நடக்குற மாதிரியே இருக்குக்கா. ஒக்காந்தே விடிய வேண்டியிருக்கு" என்றாள். மேஜைக்கு அடியில் பார்த்தாள். "இது என்னையவே பாக்குதே, குடுப்பீகளா?"

பொட்டை என்றேன். "அதுனால என்ன, நானும் பொட்டதான்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. தூக்கிக்கொண்டு போ, காசு வேண்டாம் என்றேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"சும்மா வேணாங்க்கா. சும்மா வாங்குன குட்டி தங்காது. தாய் வீட்டுக்கே ஓடிரும். ஒத்த ரூவாயாச்சும் வாங்கிக்கங்க."

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டு, எனக்கும் தெரியும். நாட்டு நாய்க்குட்டி எடுக்கப் போனால்கூட ஒரு காசோ, ஒரு உழக்குத் தானியமோ கொடுத்துவிட்டுத்தான் தூக்குவார்கள். மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளரும், நாய்க்குட்டியைக் கொடுத்து வாங்கினால்தான் தங்கும். ஆனால் ஆபீஸர் ஒத்த ரூபாய் என்றுதானே சொல்லிவிட்டுப் போனார்? அதே ஒத்த ரூபாயைத்தான் இவள் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பஸ் ஸ்டாண்டில் இத்தனை பேர் பார்க்கிறார்கள். யாராவது போட்டோ எடுத்துவிட்டால்? நாயால் மீன் கடையும் போய்விடுமே.

"காசு வாங்குனா என் கடைக்கு ஆபத்துத்தா."

"வாங்காட்டி என் நாய்க்கு ஆபத்துக்கா."

அன்றைக்கு அவள் வெறுங்கையோடுதான் போனாள். ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். மறுவாரம் அவள் வந்தபோது அதைச் சொல்லிப் பார்த்தேன். "ஒரு பாக்கெட் மீன் தீனி வாங்கிக்க. காசு தீனிக்கு. குட்டி சும்மா. ஒனக்கும் குடுத்த மாதிரி, எனக்கும் வாங்காத மாதிரி."

அவள் பாக்கெட்டைக் கையில் வாங்கி யோசித்தாள். "எங்க வீட்டுல மீனே இல்லியேக்கா" என்றாள். அப்புறம், "இது தீனிக்குக் குடுத்த காசு. குட்டிக்கு இல்ல. அது அதுக்குத் தெரிஞ்சுரும்" என்று பாக்கெட்டைத் திருப்பி வைத்தாள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "நாய்க்குத் தெரியுமா? பில்லு படிச்சுப் பாக்குமா?" என்று கத்திவிட்டேன். அவள் குட்டியின் நின்ற காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியிருந்தது. பயத்தில் தூக்கம் கெட்ட முகம் அது. கத்தியதற்கு எனக்கே வெட்கமாகிவிட்டது.

அடுத்த தடவை வந்தபோது அவள் இடுப்பில் ஒரு சின்னத் துணி மூட்டை இருந்தது. மேஜை மேல் வைத்து அவிழ்த்தாள். அரிசி. ஒரு உழக்கு, தலை தட்டாமல் கோபுரமாக அளந்தது.

"காசுதான வாங்கக் கூடாது? இது ஒங்களுக்கு இல்லக்கா. இதோட ஆத்தாக்காரிக்கு. பெத்தவளுக்குச் சோறு போட்டுட்டுப் பிள்ளையத் தூக்குறதும் வழக்கந்தான். தாய் எங்க இருக்கு? சொல்லுங்க, நானே போயி ஆக்கிப் போட்டுட்டு வாரேன்."

நான் அவளைப் பார்த்தேன். குட்டியைப் பார்த்தேன். தாய் எங்க இருக்கு? அந்த ஆபீஸர் கூண்டு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து இதையேதான் கேட்டார். அவர் சட்டத்துக்காகக் கேட்டார், இவள் வழக்கத்துக்காகக் கேட்கிறாள்.

அவள் எதிரிலேயே புரோக்கருக்குப் போன் போட்டேன். "தம்பி, ஒரு காது நிக்குமே, அந்தக் குட்டியோட தாய் எங்க இருக்கு?"

"எதுக்குக்கா?"

"சோறு போடணும்."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். "அக்கா, அது எனக்கு வேற ஒருத்தர் குடுத்தது. அவருக்கு யாரு குடுத்தாங்களோ. தாயெல்லாம் யாருக்கா பாத்தா? குட்டி வந்துச்சு, அனுப்புனேன்."

போனை வைத்தேன். எங்கேயோ ஒரு இடத்தில், ஒரு கொட்டகையிலோ மொட்டை மாடியிலோ, ஒரு நாய் தன் குட்டிகளைத் தேடியிருக்கும். அது எந்த ஊர் என்றுகூட ஒருத்தருக்கும் தெரியாது. குனிந்து குட்டியின் தலையைத் தடவினேன். நாய் மேல் பிரியம் இல்லாத நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போதும் புரியவில்லை, இப்போதும் சரியாகப் புரியவில்லை.

"தெரியலத்தா" என்றேன்.

அவள் மூட்டையைத் திரும்ப முடிந்து என் பக்கம் நகர்த்தினாள். "இங்கயே இருக்கட்டும். என்னைக்காச்சும் தெரிஞ்சா ஆக்கிப் போட்டுருங்க. நான் குடுத்துட்டேன்ல, அது போதும்." குட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அது ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனது. மேஜைக்கு அடியில் காலை நீட்டினேன். காலில் எதுவும் தட்டுப்படவில்லை.

கூண்டு காலி. நியாயப்படி நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வாரம் ஒரு தடவை நானே போன் போட்டேன். "தங்குதா?" என்று கேட்பேன்.

"இருக்குக்கா. ஆனா கட்டித்தான் போட்டுருக்கேன். சாயங்காலமானா ரோட்டப் பாத்தே ஒக்காந்துருது. சோறு பேருக்குத்தான் திங்குது. அந்த அரிசி..."

"அது அப்புடியேதான் இருக்கு."

அவளும் இன்னும் தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரியும். தாயைக் கண்டுபிடிக்க நான் மறுபடி மறுபடி புரோக்கரைக் கேட்டேன். கடைசியில் அவன் என் போனையே எடுப்பதில்லை. அரிசி மூட்டை லவ் பேர்ட்ஸ் கூண்டுக்கு மேலே இருந்தது. தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் கண்ணில் படும்.

ஒருநாள் மதியம் வாடிக்கையாளர் ஒருவருக்குக் கலர் கல் அள்ளிக்கொண்டிருந்தேன். தெருவில் யாரோ "ஏய், ஏய்" என்று கத்தினார்கள். பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து ஏதோ ஓடி வந்தது. கழுத்தில் பாதிக் கயிறு. நேராகக் கடைக்குள் நுழைந்து, மேஜைக்கு அடியில் போய், என் செருப்பின் மேல் தலையை வைத்துக்கொண்டது. மூச்சு வாங்கியது. ஒரு காது நின்றது, ஒரு காது மடிந்திருந்தது.

பின்னாலேயே அவள் மூச்சிரைக்க வந்தாள். அடுத்த ஊசி போட மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருக்கிறாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்திருக்கிறது. அவள் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

"பாத்தீகளா? நான் சொன்னேன்ல. தாய் வீட்டுக்குத்தான் ஓடும்னு."

"இது தாய் வீடா? இது மீன் கடை."

"அது இங்கிட்டுத்தானக்கா ஓடியாந்துச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்தாள். "அந்த அரிசி எங்க?"

கையைக் காட்டினேன்.

"ஆக்குங்க."

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான். நீங்கதான் திங்கணும்."

"நான் என்ன நாயா?" என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கலர் கல் வாங்க வந்தவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார். அவள் அசையவில்லை. "வேற யாரக்கா அது தாயின்னு நெனைக்கிது?" என்றாள்.

மூட்டையை இறக்கினேன். கடைக்குப் பின்னால் டீ போட ஒரு சின்ன அடுப்பு உண்டு. அரிசியைப் புடைத்தேன், வண்டு விழுந்திருந்தது. ஒரு பிடி மட்டும் போடப் போனேன். "பூராத்தையும்" என்றாள். டீச் சட்டி கொள்ளாது, இரண்டு தடவையாக வடித்தேன். இலை போட்டு, மோர் ஊற்றி, உப்பு வைத்துச் சாப்பிட்டேன். கடை வாசலில் ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். குட்டி எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்தது. ஒரு உருண்டை பிடித்து அதற்கு நீட்டினேன். "மொதல்ல நீங்க வயித்துக்குத் தின்னுங்க. அப்பறம் அதுக்கு" என்று தடுத்தாள். தின்னத் தின்ன எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. எதற்காக என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. முடிந்த மட்டும் தின்றேன். மிச்சத்தை அது தின்றது. வழித்து நக்கிவிட்டு, தானாக எழுந்து அவள் காலடியில் போய் நின்றது. வயிறு நிறைந்ததால் அப்படி நின்றதா, வேறு எதற்காவதா, தெரியாது. கயிறு கட்டாமலேயே அவள் பின்னால் நடந்து போயிற்று. இந்தத் தடவை கத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஆபீஸர் வந்தார். காலிக் கூண்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அந்தக் குட்டி என்னாச்சும்மா? வித்தீங்களா, சும்மா குடுத்தீங்களா?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "தெரியல சார்" என்றேன். அப்புறம் நடந்ததையெல்லாம் சொன்னேன், வண்டு விழுந்தது உள்பட. அவர் பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஒரு உழக்கு அரிசி" என்று மெதுவாகத் தனக்குள் சொல்லிக்கொண்டார். அது எந்தக் கணக்கில் வரும் என்று அவருக்கும் குழப்பமாக இருந்திருக்க வேண்டும். மீன் தொட்டிகளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மீனுக்கும் பறவைக்கும் பதிவு ஆகிவிட்டது. நாய்க்குட்டி மறுபடி விற்கலாமா என்று நானும் கேட்கவில்லை. புரோக்கர் ஒரு தடவை அவனாகவே கூப்பிட்டான். தாயைக் காட்டு, அப்புறம் பேசலாம் என்றேன். வைத்துவிட்டான்.

தோப்புக்காரி போன் செய்தாள். "தங்கிருச்சுக்கா. நேத்து நல்லாத் தூங்கிட்டேன்" என்றாள். அதைக் கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் போனை வைத்த பிறகு மேஜைக்கு அடியில் காலை நீட்டிப் பார்த்தேன்.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பஸ் அந்தத் தோப்பைத் தாண்டிப் போயிற்று. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வேலி ஓரமாக நின்றது, நன்றாக வளர்ந்து. ஒரு காது இன்னும் மடிந்துதான் இருந்தது. "ஏய்" என்று கையை ஆட்டினேன். என்னைப் பார்த்ததும் அது பல்லைக் காட்டிக் குரைத்தது. அந்நிய ஆளைப் பார்த்துக் குரைக்கிற குரைப்பு. பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஓடி வந்து, தோப்பு எல்லை முடிகிற இடத்தில் நின்று, திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தது.

அது அப்படித்தான் குரைக்க வேண்டும். அதற்காகத்தான் ஒரு உழக்கு அரிசியையும் தின்றேன். ஆனாலும் கல்யாண வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்து என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். நாய் வித்த காசு குரைக்காது என்று சொன்ன மனுஷன். சரிதான், காசு குரைக்காது. நான் வாங்கினது காசு இல்லையே.